உயர்நிலை மூன்றோடு நின்ற பையனை ஐடிஇயில் (சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகம்) சேர்க்க எங்கே தொடங்குவது?

ஈசூன் தொண்டூழியர்:
வணக்கம். எங்கள் குழு கவனித்துவரும் பையனுக்கு வயது 17. உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டான், வழக்கநிலைத் தேர்வு (N நிலை) எழுதவில்லை. இரவில் உணவங்காடியில் பாத்திரம் கழுவுகிறான். மின்வேலை கற்க ஆசை, ஆனால் கணக்கு என்றாலே எழுந்து போய்விடுகிறான். அம்மா ஒருவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. என்ன வழி?

பணிமனை:
முதலில் பழைய பள்ளியின் ஆலோசகரிடம் பேசுங்கள். திரும்பச் சேர்ந்து வழக்கநிலை எழுத முடியுமானால் அதைவிட நேரான பாதை இல்லை. முடியாது என்றால், மதிப்பெண் அறிக்கைகளோடு பையனையும் அழைத்துக்கொண்டு அங் மோ கியோவில் உள்ள ஐடிஇக்கு நேரில் போங்கள். மாலை நேர வழக்கநிலை வகுப்பு, ஐடிஇ திறன் சான்றிதழ், முழுநேரப் படிப்பு என மூன்றையும் கேளுங்கள். நுழைவுத் தகுதி படிப்புக்குப் படிப்பு மாறும்.

நார்த்லைட், அசம்ப்ஷன் பாத்வே பள்ளிகளுக்குப் போகச் சொல்லிப் பலர் அலையவிடுவார்கள். அவை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர்களுக்கானவை. இவனுக்குப் பொருந்தாது.

இன்னொன்று, இப்போது முழுநேரப் பாடத்திட்டம் மூன்று ஆண்டில் உயர் நைட்டெக் சான்றிதழ் வரை போகிறது. மூன்று ஆண்டு வருமானம் குறைவதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் சேர்த்தால் இரண்டாம் பருவத்தில் வேலைக்கு இழுத்துவிடுவார்கள்.

கணக்கு டீச்சர்:
பயிற்சித்தாளைக் கையில் கொடுக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். 2300 வாட் என்று இருந்தால், நம் வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டால் வகுக்கட்டும்: 10 ஆம்பியர். பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ், தாங்கும். அதே எக்ஸ்டென்ஷனில் 2000 வாட் அயர்ன்பாக்ஸும் சேர்ந்தால்? கிட்டத்தட்ட 18.7 ஆம்பியர்.

இங்கேதான் பெரும்பாலோர் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 13 ஆம்பியரைத் தாண்டியதும் ஃபியூஸ் பட்டென்று போய்விடாது. 18.7-இல் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் பிளக்கும் வயரும் சூடேறி பிளாஸ்டிக் இளகிவிடும். "ஏன் போகவில்லை?" என்று அவன் திருப்பிக் கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எதையும் செருகிப் பார்க்க வேண்டாம், சீட்டைப் படித்தாலே போதும். ஒரு நாளைக்கு மூன்று சாதனம், இருபது நிமிடம். வகுத்தலும் தசமமும் தானாகப் பழகும்.

சேமிப்புக்கணக்கு:
பணத்தைப் பற்றி. சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் எடுசேவில் (பள்ளி மாணவருக்கு அரசு பணம் போடும் கணக்கு) உள்ள மிச்சம் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்குப் போகும். அங்கீகரிக்கப்பட்ட படிப்புக் கட்டணத்தை அதிலிருந்து கட்டலாம், ஆனால் தானாகக் கழியாது, படிவம் தர வேண்டும். பலர் இது தெரியாமல் கையிலிருந்து கட்டுகிறார்கள். உடன்பிறந்தவர் கணக்கில் உள்ளதையும் பயன்படுத்தலாம். பற்றாக்குறைக்கு பீட்டி ரோட்டில் உள்ள சிண்டாவைக் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) கேளுங்கள். பிற்பாடு, 30 வயதுக்குள் டிப்ளோமாவில் சேரும் ஐடிஇ பட்டதாரிக்கு உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி, முடித்ததும் மத்திய சேம நிதியில் 10,000 வெள்ளி கிடைக்கும். அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பணிமனை:
வேலை நேரத்தையும் இப்போதே மாற்றுங்கள். நள்ளிரவுவரை நின்றுவிட்டுக் காலைப் பணிமனை வகுப்புக்கு எவனாலும் எழ முடியாது. சோம்பல் என்று திட்டுவது அநியாயம். வெள்ளி, சனி மட்டும் என்று முதலாளியிடம் நீங்களே கூடப்போய்ப் பேசுங்கள்.

ஈசூன் தொண்டூழியர்:
மிக்க நன்றி. கட்டாயத் தேசிய சேவை குறுக்கே வருமா?

பணிமனை:
வரும். பதினாறரை வயதிலேயே பதிவு தொடங்குகிறது, அதை முடித்தானா என்று பாருங்கள். முழுநேரப் படிப்புக்குத்தான் ஒத்திவைப்பு கேட்க முடியும், அதற்கும் வயது வரம்பு உண்டு. மாலை வகுப்பை நம்பி இருந்துவிட வேண்டாம். 17 ஆகிவிட்டதால் இந்த வாரமே ஐடிஇயில் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.