பெரிய கிளப் கூப்பிட்டபோது போனீர்களா, இருந்தீர்களா? உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்

முதல் பதிவு

ஒரு சிறிய கால்பந்து கிளப்பில் வீடியோ அனலிஸ்டாக, அதாவது ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து அலசுகிறவனாக, வேலை பார்த்தேன். நான்காவது சீசனின் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தலைமைப் பயிற்சியாளர் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "மதியம் செய்தி வெளியாகிவிடும். நான் போகிறேன். நீயும் வருகிறாயா? நாளைக்குள் சொல்" என்றார். அவர் போகவிருந்தது எங்கள் லீக்கிலேயே ஆடுகிற, எங்களைவிடப் பல மடங்கு பணமுள்ள கிளப். உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், உடற்தகுதிப் பயிற்சியாளர் மூவரும் அதற்குள் சரி சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை எங்களுக்கு மேட்ச்.

நான் போகவில்லை. பலர் அதை விசுவாசம் என்றார்கள். உண்மை வேறு. அதற்கு எட்டு மாதம் முன்பு கிளப்பில் யார் வர வேண்டும், யார் போக வேண்டும் என்பதைக் கவனிக்கும் எங்கள் ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "மூன்று வருடம் கழித்து நீ என்ன வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய்?" என்று கேட்டார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வர ஆசை என்றேன். அடுத்த மாதத்திலிருந்து புதிய வீரர்களைத் தேடும் ஸ்கவுட்டுகளின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. சம்பளம் ஒரு பைசா கூடவில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தபோது நான் ஒரு வேலையைத் தொடங்கி, பாதியில் நின்றுகொண்டிருந்தேன். அதை விட்டுப் போக மனம் வரவில்லை. மற்ற மூவரிடமும் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வீரர்களை இழுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்காவது டிரான்ஸ்ஃபர் ஜன்னல் என்று ஒன்று உண்டு, வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதியுள்ள காலம். அது மூடிவிட்டால் அடுத்த சில மாதம் நிம்மதி. பயிற்சியாளருக்கும் அனலிஸ்டுக்கும் ஸ்கவுட்டுக்கும் ஜன்னலே கிடையாது. எந்த வாரமும் போகலாம்.

2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்புக்கு நடந்தது இதுதான். சீசன் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அணி நான்காம் இடத்தில் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரைப் பெரிய கிளப்பான செல்சி கூட்டிப்போனது. அவர் மட்டும் போகவில்லை. உதவியாளர்கள் பில்லி ரீட், பியோர்ன் ஹாம்பெர்க், புரூனோ, கோல்கீப்பர் பயிற்சியாளர் பென் ராபர்ட்ஸ், ஆள்சேர்ப்பு அனலிஸ்ட் கைல் மெக்காலே என்று பயிற்சி மைதானத்தின் பாதியே கிளம்பியது. இரண்டு மாதத்தில் ஆள்சேர்ப்புத் தலைவராக இருந்த பால் வின்ஸ்டன்லியும் அதே செல்சிக்குப் போனார். செய்தியைப் படித்தபோது எனக்குச் சொந்த வீட்டில் நடந்தது போல இருந்தது. பெரிய கிளப் எடுப்பது ஒரு ஆளை அல்ல, சேர்ந்து வேலை செய்து பழகிய ஒரு மேசையை.

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை தோற்றோம். அது பெரிய வலி இல்லை. வலித்தது ஒரு மாதம் கழித்து. எங்கள் விங்கர் ஒருவருக்குத் தொடையின் பின்தசை அடிக்கடி பிடித்துக்கொள்ளும். மேட்சுக்கு இரண்டு நாள் முன்பு அவரை முழு வேகத்தில் ஓடவிடக் கூடாது என்பது உடற்தகுதிப் பயிற்சியாளருக்குத் தெரியும். எங்கும் எழுதி வைக்கவில்லை. புதிதாக வந்தவர் எல்லோரையும் போல அவரையும் ஓடவிட்டார். ஏழு வாரம் அந்தப் பையன் வெளியே உட்கார்ந்தான். புதியவர்மேல் தப்பில்லை. ஒரு கிளப்புக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது.

உங்கள் அனுபவம் என்ன? போனவர்களும் எழுதுங்கள். யாரையும் குறை சொல்ல இதைத் தொடங்கவில்லை.

மறுமொழி 1

நான் போனவன். கோல்கீப்பர் பயிற்சியாளர்.

நான்கு வருடம் ஒரே கிளப். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் புதுப்பிப்பார்கள். அந்த ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. குழந்தையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டலாமா, வேண்டாமா என்று தெரியாது. வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. எங்களைப் பற்றி யோசிப்பது அவர்கள் பட்டியலில் கடைசியில் இருந்தது, அவ்வளவுதான்.

தலைமைப் பயிற்சியாளருக்குப் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது. என்னையும் கேட்டார். நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன். இரண்டே மணி நேரத்தில் இரட்டைச் சம்பளமும் மூன்று வருட ஒப்பந்தமும் மேசைமேல் வைத்தார்கள். அதைப் பார்த்ததும்தான் போவது என்று முடிவெடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் செய்ய முடிந்ததை நான்கு வருடமாக ஏன் செய்யவில்லை? அந்தக் கேள்வி இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

போன இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே ஏற்கனவே இரண்டு கோல்கீப்பர் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். நான் மூன்றாவது. பழைய கிளப்பில் எந்தக் கீப்பரை வாங்கலாம் என்று என்னைக் கேட்பார்கள். இங்கே வாங்கிய பிறகு சொல்வார்கள். பதினோரு மாதத்தில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள், மறுநாள் எங்களுக்கும் கடிதம் வந்தது. பாட்டரையும் செல்சி ஏழு மாதம்கூட வைத்திருக்கவில்லை. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் நீக்கிவிட்டது. ஒரு தலைமைப் பயிற்சியாளரை நம்பிப் போகிறவருக்கு அவருடைய ஆயுசுதான் தன் ஆயுசு.

அப்படியிருந்தும் போனதற்கு வருத்தப்படுகிறேனா என்றால், இல்லை. கிளப் எனக்கு ஆறு மாதம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். இரண்டும் உண்மை.

மறுமொழி 2

நான் ஒரு கிளப்பின் அலுவலகத்தில் இந்த ஒப்பந்தங்களை எழுதுகிறவர்களில் ஒருத்தி. மேலே கோல்கீப்பர் பயிற்சியாளர் எழுதியதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. நாங்களும் அப்படிச் செய்திருக்கிறோம்.

எங்கள் கையில் இருக்கும் கருவிகள் சில. நோட்டீஸ் காலம். விடுவிப்புத் தொகை, அதாவது இவ்வளவு கட்டினால் கூட்டிப்போகலாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அப்புறம் 'கார்டனிங் லீவ்': ராஜினாமா செய்தவரைச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார வைத்து, எதிரணிக்கு உடனே போகவிடாமல் நிறுத்துவது. இவை மூன்றும் ஆளைத் தக்கவைக்கும் என்று மேலே இருப்பவர்கள் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் இவை நேரத்தையும் பணத்தையும் தரும். ஆளைத் தராது.

பிரைட்டனில் டெக்னிக்கல் டைரக்டராக (ஸ்போர்ட்டிங் டைரக்டர் போன்ற பொறுப்பு) இருந்த டேன் ஆஷ்வொர்த் விஷயத்தைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் பிரைட்டனில் ராஜினாமா செய்து, கார்டனிங் லீவில் இருந்து, ஜூனில் நியூகாசில் போனார். 2024 பிப்ரவரியில் நியூகாசில் அதே போல அவரை வீட்டில் உட்கார வைத்தது, ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் போனார். டிசம்பரில் அங்கிருந்தும் விலகிவிட்டார். இரண்டு கிளப்புகளுக்கும் இழப்பீடு கிடைத்திருக்கும். ஆனால் உட்கார வைத்த மாதங்களில் அவர் அறையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரைட்டன் வெளியே தேடவில்லை. உள்ளேயே இருந்த டேவிட் வீரை டெக்னிக்கல் டைரக்டராக ஆக்கியது. அந்தக் காத்திருப்புக் காலம் ஒருவரைத் தண்டிக்க அல்ல, அடுத்தவரைத் தயார் செய்ய.

வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்தாலும் நீண்ட நாள் நிற்காது. ஸ்பெயினின் செவியா கிளப்பில் ஸ்போர்ட்டிங் டைரக்டராக இருந்த மோன்ச்சி 2016-இல் விலக விரும்பினார். விடுவிப்புத் தொகையைக் காட்டி கிளப் மறுத்தது. அடுத்த வருடமே இத்தாலியின் ரோமா கிளப்புக்குப் போனார். ஆனால் போகும்போது பகை இல்லாமல் போனார். அதனால்தான் 2019-இல் ரோமாவைவிட்டு விலகியதும் செவியாவுக்கே திரும்பி வர முடிந்தது. அதன் பிறகு 2020-இலும் 2023-இலும் யூரோப்பா லீக் கோப்பை செவியாவுக்கு வந்தது. போகிறவரை எப்படி வழியனுப்புகிறோம் என்பதும் தக்கவைப்பதில் சேர்த்திதான் என்று எங்கள் கூட்டங்களில் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரே ஒரு ஷரத்தை மட்டும் நான் விடாமல் கேட்பேன். தலைமைப் பயிற்சியாளர் போகும்போது குறிப்பிட்ட காலத்துக்கு இங்கிருந்து மேலும் ஆட்களை அழைக்கக் கூடாது என்று இழப்பீட்டு உடன்பாட்டிலேயே எழுதுவது. அவரோடு யார் யார் போகிறார்கள் என்பதையும் பெயர் போட்டு எழுதிவிட வேண்டும். எங்களிடம் ஒருமுறை பெயர் போடாமல் 'அவருடைய உதவியாளர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்று பேர் என்று நினைத்தோம். ஆறு பேர் போனார்கள்.

மறுமொழி 3

ஸ்கவுட்டாக இருந்தேன். எங்கள் தலைமை ஸ்கவுட் போனதற்குக் காரணம் பணமில்லை. அவர் பிடித்துக் கொடுத்த வீரர் பெரிய விலைக்குப் போனார். பத்திரிகையாளர் சந்திப்பில் தலைவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார், இவர் பெயரை மட்டும் விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் இவர் கிளம்பிவிட்டார்.

லெஸ்டர் கிளப் 2015-16-இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம் வென்றதில், அங்கே வீரர்களைத் தேடிப்பிடித்த ஸ்டீவ் வால்ஷின் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. வார்டி, மாரஸ், கான்டே என்ற மூன்று வீரர்களும் அவர் பார்வையில் வந்தவர்கள். பட்டம் வென்ற அதே கோடையில் எவர்ட்டன் அவரைக் கூட்டிப்போனது. கான்டே செல்சிக்குப் போனார். மக்களுக்குக் கான்டே போனது நினைவிருக்கிறது. எனக்கு வால்ஷ் போனதுதான் நினைவில் நிற்கிறது.

முதல் பதிவை எழுதியவர்

எல்லோருக்கும் நன்றி. மறுமொழி 1-ஐ மூன்று முறை படித்தேன்.

ஆள் போவதையே திட்டத்தின் பகுதியாக வைத்துக்கொள்கிற கிளப் எது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உடனே தோன்றுவது இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட். செட் பீஸ் பயிற்சியாளர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் மட்டும் தனி ஆள் என்பது பலருக்கும் ஆடம்பரமாகத் தெரிந்த காலத்திலேயே அவர்கள் வைத்திருந்தார்கள். நிக்கோலா ஜோவரை 2019-இல் மான்செஸ்டர் சிட்டி எடுத்தது, பிறகு ஆர்சனலுக்குப் போனார். அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரியாஸ் யோர்க்சன் ஒரே சீசனில் ஆர்சனலுக்குப் போனார். அடுத்து பெர்னார்டோ குயேவா, அவரைச் செல்சி 2024-இல் எடுத்தது. ஒரே நாற்காலியிலிருந்து மூன்று பேர். ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலி நிரம்பியது, ஏனென்றால் அந்த வேலை என்ன என்பது கிளப்புக்குத் தெரிந்திருந்தது. நான்காவதாக வந்த கீத் ஆண்ட்ரூஸை, 2025-இல் தலைமைப் பயிற்சியாளர் தாமஸ் ஃப்ராங்க் டாட்டன்ஹாமுக்குப் போனதும் தலைமைப் பயிற்சியாளராகவே ஆக்கினார்கள். அது துணிச்சல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சவுத்தாம்ப்டன் 2014 கோடையில் தலைமைப் பயிற்சியாளர் பொச்செட்டினோவை டாட்டன்ஹாமுக்கும், வீரர்கள் லல்லானா, லாம்பெர்ட், லவ்ரென் மூவரை லிவர்பூலுக்கும், லூக் ஷாவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் கொடுத்தது. அதே வருடம் ஆள்சேர்ப்பைப் பார்த்த பால் மிட்செலும் டாட்டன்ஹாமுக்குப் போனார். அப்படியும் புதிய பயிற்சியாளராகக் கூமன் வந்து அடுத்த இரண்டு சீசனில் ஏழாவது, ஆறாவது இடம் பிடித்தார். எல்லோரும் பாராட்டினோம். 2016-இல் கூமனும் எவர்ட்டனுக்குப் போனார். பிறகு மெல்ல மெல்ல இறங்கி 2023-இல் பிரீமியர் லீக்கைவிட்டே வெளியேறினார்கள். எல்லா முறையும் சரியான மாற்றாளைப் பிடித்துவிடலாம் என்று எந்தக் கிளப்பும் எண்ணக் கூடாது. என் பார்வையில், ஒருவர் போவதைத் தாங்கலாம். ஒரே கோடையில் மேசையே போவதைத் திரும்பத் திரும்பத் தாங்க முடியாது.

இருந்தவர்களின் கதையும் உண்டு. 2024 மார்ச்சில், லிவர்பூலும் பயர்னும் கண் வைத்திருந்தபோது, பயிற்சியாளர் ஸாபி அலோன்சோ ஜெர்மனியின் லெவர்குசனிலேயே இருக்கப்போவதாகச் சொன்னார். அந்த சீசனில் அவர்கள் ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவைத் தோல்வியே இல்லாமல் வென்றார்கள். ஒரு வருடம் கழித்து ரியல் மாட்ரிட் போனார். அந்தக் கூடுதல் வருடத்தைச் சிலர் வீண் என்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் பயிற்சியாளர் கீரன் மெக்கென்னாவும் அப்படித்தான். அடுத்தடுத்து இரண்டு முறை மேல் லீக்குக்கு உயர்த்தியவர், 2024 மே மாதம் பெரிய கிளப்புகள் அவரைச் சுற்றிவந்தபோது இப்ஸ்விச்சிலேயே புதிய ஒப்பந்தம் போட்டார். அடுத்த வருடம் அணி கீழே இறங்கியது. அப்போதும் கிளப் அவரை விடவில்லை, அவரும் கிளப்பை விடவில்லை.

இப்போது நான் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். அந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எனக்குக் கீழே இரண்டு இளம் அனலிஸ்டுகள். போன மாதம் அதில் ஒரு பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, ஒரு பெரிய கிளப்பிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்றாள். அவளிடம் அந்த மூன்று வருடக் கேள்வியை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் கேட்டேன். எதிரணியின் ஆட்டத்தைப் படிப்பதைவிட, பயிற்சி மைதானத்தில் வீரர்களோடு நின்று வேலை செய்ய ஆசை என்றாள். எங்களிடம் இரண்டு வருடமாக இருக்கிறாள், எனக்கு அது தெரியாது.

அவள் போக முடிவெடுத்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்த இரண்டு வாரமாகத் தினமும் மாலை ஒரு மணி நேரம் அவளும் நானும் உட்கார்ந்து அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு அனலிஸ்டுக்கு நாளைக் காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறேன்.