சுவர் மேல் ‘கிளாமர்’ பண்ணினார்களா? ஆங்கிலச் சொல் ஒன்றில் சந்தேகம்

கேள்வி:
அமெரிக்கர் ஒருவர் வாசித்த ஆங்கில ஒலிக்கதை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பையன்கள் நாலு பேர் தோட்டச் சுவர் மேல் ‘கிளாமர்’ பண்ணி அந்தப் பக்கம் குதித்தார்கள் என்று வருகிறது. அகராதியில் தேடினால் ‘கூச்சல்’ என்கிறது, சினிமாக்காரர்கள் சொல்லும் கிளாமர் சுத்தமாக ஒட்டவில்லை. என்ன சொல் இது?

பதில் 1:
கிளாம்பர். அமெரிக்கர்கள் சிலர் நடுவில் வரும் ‘ப்’ ஒலியை விழுங்கிவிடுவார்கள், அதனால்தான் அப்படிக் கேட்டிருக்கிறது. கையும் காலும் போட்டு, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு, எப்படியோ உடம்பை மேலே இழுத்துக்கொண்டு ஏறுவது. கூச்சல் என்கிற கிளாமர் லத்தீனிலிருந்து வந்தது, இதற்கு உறவே இல்லை.

பதில் 2:
பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘கிளைம்ப்’ என்ற வினைக்கு அந்தக் காலத்தில் ‘கிளாம்ப்’ என்று ஓர் இறந்தகால வடிவம் உண்டு, அதோடு, ஒரு செயல் விட்டுவிட்டுத் தொடர்வதைக் காட்டும் ‘அர்’ விகுதி சேர்ந்திருக்கலாம் என்பது பலரும் சொல்லும் விளக்கம். ஃப்ளிக்கர் (விட்டுவிட்டு மினுங்குவது), சாட்டர் (ஓயாமல் வளவளப்பது) எல்லாவற்றிலும் அந்த விகுதிதான். ஜெர்மனில் ‘கிளாமர்ன்’ என்றால் இறுகப் பற்றிக்கொள்வது, அதுவும் இந்தச் சொல்லுக்குச் சொந்தம்தான். வேடிக்கை என்னவென்றால், ‘கிளைம்ப்’ எழுத்தில் மட்டும் ‘ப்’ வைத்துக்கொண்டு பேச்சில் அதைத் தொலைத்துவிட்டது, கிளாம்பரில் பெரும்பாலோர் வாயில் அது இன்னும் கேட்கிறது. ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், தெருவில் முகமூடி ஊர்வலம் போகும்போது ஜன்னலில் தொற்றி ஏறாதே என்று வட்டிக்காரன் ஷைலாக் தன் மகளை அதட்டுகிற இடத்தில் ஷேக்ஸ்பியர் போட்டிருப்பது இந்தச் சொல்லைத்தான்.

கேட்டவர்:
அப்போ ஸ்கிராம்பிள்? அதுவும் இதேதானே?

பதில் 2:
பேச்சில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அதில் அவசரம் தெரியும். அப்புறம், பிரிட்டனில் மலையேறுபவர்களுக்கு ஸ்கிராம்பிளிங் ஒரு துறைச்சொல், நடைக்கும் பாறையேற்றத்துக்கும் இடைப்பட்டது, 1 முதல் 3 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்டிரிக்டில் ஹெல்வெலின் மலையிலுள்ள ஸ்டிரைடிங் எட்ஜ் என்ற குறுகிய பாறை முகடு 1ஆம் தரம். கிளாம்பருக்குத் தரமெல்லாம் கிடையாது, லாரிக்குள் ஏறினாலும் படகிலிருந்து இறங்கினாலும் கிளாம்பர்தான்.

கேட்டவர்:
சரி, தமிழில் எப்படி எழுதலாம்? தட்டுத்தடுமாறி ஏறினார்கள் என்றா?

பதில் 1:
இங்கே வேண்டாம், நாலு பேரும் பாதியில் சறுக்கி விழுந்த மாதிரி இருக்கும். ‘சுவரைத் தொற்றி ஏறிக் குதித்தார்கள்’ போதும்.