முகத்தில் வெட்டு விழுந்த காசு: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

புதுகைக்காரன்:
எங்க ஊர்ப் பக்கத்துக் காசை லண்டன்ல போய்ப் பார்க்க வேண்டியதாப் போச்சு. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில கிடைச்ச புதையல்தான். 1898ல வெளிவந்தது, 501 ரோமானியப் பொற்காசு. பிரிட்டிஷ் மியூசியத்துல பார்த்த ஒண்ணு மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகல. பேரரசரோட கன்னத்துல ஆரம்பிச்சு மூக்கு வரைக்கும் உளியால ஒரே வெட்டு. பொன்னு ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி எழும்பி நிக்குது. அந்தப் புதையல்ல பெரும்பாலான காசுல இப்படித்தான், அதுவும் தலை இருக்கிற பக்கத்துல. சுரண்டி எடுக்கல, அதனால எடையும் குறையல. அப்புறம் எதுக்கு வெட்டினாங்க? தேய்ஞ்ச காசு இனி செல்லாதுன்னு காட்டத்தான்னு ஒரு கட்சி. அந்நிய ராசா முகம் இங்க செல்லாதுன்னு இன்னொரு கட்சி. வெட்டுப்பட்ட காசைக் கிட்டத்துல பார்த்தவங்க சொல்லுங்க.

ஆந்தைக்கண்:
ஏதென்ஸில், ட்ராய் நகரைத் தோண்டிய ஷ்லீமான் வாழ்ந்த மாளிகையில்தான் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. ஆந்தை பொறித்த டெட்ராட்ராக்ம் (பழைய கிரேக்க வெள்ளிக்காசு) ஒன்றை அங்கே பார்த்தேன். 17 கிராம் சொச்சம் வெள்ளி. ஆந்தையின் உடலுக்குக் குறுக்கே ஆழமான வெட்டு. குனிந்து பார்த்தால் உள்ளேயும் வெள்ளிதான். யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள், காசு தேறிவிட்டது. ஆனால் கி.மு. 375/4இல் ஏதென்ஸில் நிகோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டத்தையும் படியுங்கள். அந்தச் சட்டத்தின் கல்வெட்டு அகோராவில், அதாவது ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில், 1970இல் கிடைத்தது. காசு சோதிக்கிற அரசாங்க அடிமை வட்டிக்கடை மேசைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டிப்போட வேண்டும். வேலையில் தவறினால் அவனுக்கு 50 சவுக்கடி. அதாவது ஒரே ஊரில் வெட்டு சோதனையாகவும் இருந்திருக்கிறது, தண்டனையாகவும் இருந்திருக்கிறது. புதுக்கோட்டைக் காசுக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

நொய்யல்கரை:
@ஆந்தைக்கண் சோதனைன்னா ஓரத்துல ஒரு கீறல் போதுமே? தேடிப் பிடிச்சு முகத்துலயே ஏன் போடணும்? இதை என்னால ஒத்துக்க முடியல.

என் கதை வேற. கோயமுத்தூர்ல ஒரு பெரியவர் ரோமப் பேரரசர் திபேரியஸோட தெனாரியஸ் (வெள்ளிக்காசு) ஒண்ணைக் கையில கொடுத்தார். பின்பக்கம் செங்கோலோட உட்கார்ந்திருக்கிற பெண், நம்ம பக்கம் ஏராளமாக் கிடைக்கிற வகை. லென்ஸ் வெச்சுப் பார்த்தா சுத்தி இருக்கிறது எழுத்தே இல்ல. கோடும் புள்ளியும்தான். லத்தீன் தெரியாத ஒரு கை, பார்த்துப் பார்த்து அச்சு வெட்டியிருக்கு. ரோமக் காசு இங்க எவ்வளவு பழக்கமாகி இருந்தா அதுக்கு நகல் அடிக்கத் தோணும்! கி.பி. 64ல பேரரசர் நீரோ தெனாரியஸ் எடையைக் குறைச்சார். அதுவரைக்கும் ஒரு பவுண்டு வெள்ளிக்கு 84 தெனாரியஸ், அப்புறம் 96. தென்னிந்தியப் புதையல்கள்ல கிடைக்கிற தெனாரியஸ் பெரும்பாலும் பழைய, கனமான காசுதான். இங்க வாங்கினவங்க தராசைப் பார்த்தாங்க, பேரரசரைப் பார்க்கல. என்னைக் கேட்டா அந்த முகவெட்டுக்கும் அதுதான் பதில்.

அமராவதி மணல்:
கரூரில் ஒருவர் ஆற்று மணலில் எடுத்த சின்னச் செப்புக் காசுகளைக் காட்டினார். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமக் காசுகள். பளபளவென்று இருந்தன. புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். எழுத்தும் போய்விட்டது, முகமும் போய்விட்டது. அவ்வளவுதான் என் அனுபவம்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தயவுசெய்து புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். பச்சைப் படிவம் அழுக்கு அல்ல. எழுத்தின் விளிம்பே பல சமயம் அதில்தான் மிஞ்சியிருக்கும். முதலில் இருபக்கமும் படம் எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், மேலிருந்து ஒளி விழுந்தால் எதுவும் தெரியாது. எடையை மில்லிகிராம் வரை குறியுங்கள். காசில் உள்ள தலையை நிமிர்த்திப் பிடித்து அப்படியே திருப்பினால் பின்பக்கம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், எந்த இடம், என்ன ஆழம், கூட என்ன கிடைத்தது. இடம் தெரியாத காசு பாதி ஊமை. பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், 1878ஆம் ஆண்டுச் சட்டம் அது. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதையலைப் பிரித்து விற்காதீர்கள். பிரிந்த புதையலை யாராலும் திரும்பக் கோக்க முடியாது.

டொமிட்டியானஸ் ரசிகை:
@நொய்யல்கரை ஒரே ஒரு காசை வைத்து இவ்வளவு தூரம் போகாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நான் பார்த்த காசைக் கேளுங்கள். கூரான கதிர்க் கிரீடம், தாடி, டொமிட்டியானஸ் என்று பெயர். கி.பி. 271 வாக்கில் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டில் கொஞ்ச நாள் பேரரசனாக இருந்தவன். 1900இல் பிரான்ஸில் முதல் காசு கிடைத்தபோது போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே சால்க்ரோவில் ஒரு பானை, உள்ளே சுமார் 5,000 காசுகள், அதில் ஒன்று இவனுடையது. இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை. ஒரு நூற்றாண்டு போலியாகக் கிடந்தவன் இரண்டாவது காசால் பேரரசனானான். அந்தக் கண்ணாடியை விட்டு நகரவே மனம் வரவில்லை எனக்கு. உங்கள் நகலுக்கும் ஒரே அச்சில் அடித்த இன்னொன்றைத் தேடுங்கள், பிறகு பேசலாம்.

புதுகைக்காரன்:
@நொய்யல்கரை தராசுதான் பதில்னா வெட்டவே வேண்டியதில்லையே, நிறுத்தாலே போதுமே? நான் பார்த்ததுல வெட்டோட விளிம்பு இன்னும் கூரா இருந்துச்சு. வெட்டின பிறகு அது அதிகம் கைமாறலன்னுதான் எனக்குத் தோணுது. அடுத்து யாராவது லண்டன் போனா வெட்டைப் பக்கவாட்டுல படம் எடுத்துப் போடுங்க. விளிம்பு தேய்ஞ்ச காசு ஒண்ணாவது இருக்கான்னு பார்க்கணும்.