கீமோ சிகிச்சையின் வயிற்றுப்போக்குக்குக் கஞ்சியும் இசப்கோலும் உதவுமா?

கேள்வி: கயல்

என் தாயாருக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்காக இரினோடீகான், 5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்துகள் 14 நாள்களுக்கு ஒரு முறை ஏற்றப்படுகின்றன. இரண்டாம் சுற்றுக்குப் பின் ஐந்தாம் நாள் தொடங்கிய வயிற்றுப்போக்கு, மருத்துவர் சொன்ன லோப்பரமைடு மாத்திரையால்தான் நின்றது. அடுத்த சுற்றுக்கு முன் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பெரியம்மா பழைய சோறு என்கிறார், அண்ணன் இசப்கோல் என்கிறார். மாமா ஒரு படி மேலே போய், குடலின் உட்சுவரைச் சீராக்கும் என்று உறையில் அச்சிட்ட தாவரப் பாலிசாக்கரைடு (மாவுச்சத்து, நார்ச்சத்து போல் பல சர்க்கரைகள் கோத்த பொருள்) தூளையே வாங்கி அனுப்பிவிட்டார். இவற்றில் எதைக் கொடுக்கலாம்?

பதில்: உணவியல் பணியில் இருப்பவர்

முதலில் குடலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். குடலின் உட்சுவர்ச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் புதுப்பிக்கப்படுபவை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து அவற்றையும் தாக்குகிறது. இரினோடீகானுக்கு இன்னொரு வழியும் உண்டு. கல்லீரல் அதன் நச்சுப் பொருளைச் செயலிழக்கச் செய்து பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்ப, அங்குள்ள பாக்டீரியாக்களின் பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்னும் நொதி அதை மீண்டும் உயிர்ப்பித்துவிடுகிறது. சில நாள்கள் கழித்துப் போக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தாவர மாவுச்சத்து, நார்ச்சத்து எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. உப்பிட்ட அரிசிக் கஞ்சியின் மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாகும்போது, அது சோடியத்தையும் அதனுடன் நீரையும் குடற்சுவருக்குள் இழுத்துக்கொள்கிறது. அரிசி மாவில் செய்த ஓ.ஆர்.எஸ். காலராவிலேயே பயன்பட்டது இதனால்தான். ஆற்றிய சோற்றில் கூடும் செரிக்காத மாவுச்சத்தும், கொய்யா, ஆப்பிள் ஆகியவற்றின் பெக்டின் என்ற நார்ச்சத்தும் பெருங்குடலில் நொதித்து, அங்குள்ள செல்களின் முதன்மை எரிபொருளான பியூட்டிரேட்டைத் தருகின்றன. ஆனால் நொதித்தால் வாயு உண்டாகும். ஆகையால் போக்கு கடுமையாக இருக்கும் நாள்களில் அல்ல, அடங்கிய பிறகே இவை ஏற்றவை.

மாமா அனுப்பிய தூளைத் திறக்க வேண்டாம். தாவரப் பாலிசாக்கரைடுகள் 5-ஃப்ளூரோயுராசில் தந்த குடல் புண்ணைக் குறைத்ததாக எலிகளில் ஆய்வுகள் இருக்கின்றன; நோயாளிகளுக்கு நம்பிச் சொல்லும் அளவுக்கு மனிதச் சான்று இல்லை. தவிர, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இரினோடீகானின் செயல்படு பொருளை நோயாளிகளின் இரத்தத்தில் 42 விழுக்காடு குறைத்ததை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தூளில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று உறையை மட்டும் வைத்து யாரால் சொல்ல முடியும்?

பதில்: அதே சிகிச்சையை முடித்தவர்

எனக்கு ஒத்துப்போனது ஜவ்வரிசிக் கஞ்சி. மணி கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவைத்து, உப்பு மட்டும் போட்டு, அரை டம்ளராகப் பலமுறை குடித்தேன். பால் சேர்த்த அன்று வயிறு இரைந்தது. குடல் புண்ணாகும்போது, பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும் என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார். வெங்காயம், பூண்டு, கீரை, தவிடு ஆகியவற்றைச் சில நாள்களுக்கு விட்டேன். இசப்கோலை ஒரு டம்ளர் நீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூழாக இறுகிக் கரண்டி நட்டபடி நிற்கும்! அது நீரைப் பிடித்து மலத்தைக் கெட்டிப்படுத்துகிறது. குடலில் அடைப்போ சுருக்கமோ இருந்தால் எடுக்கக் கூடாது என்பதால், பெருங்குடல் புற்றுநோய்க்காரர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: கயல்

நன்றி. பழைய சோறு பற்றி மட்டும் ஒருவரும் சொல்லவில்லையே? பெரியம்மாவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: உணவியல் பணியில் இருப்பவர்

வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் சிறப்பே உயிருள்ள பாக்டீரியாக்கள்தான். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைந்து குடற்சுவரும் புண்ணான நேரத்தில் அவை இரத்தத்துக்குள் புகலாம். மேலும், சோற்றை வெளியில் வைத்தால் வேகவைத்தும் சாகாத பாசில்லஸ் செரியஸ் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்குகின்றன; மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. ஆற்றிய சோறுதான் வேண்டுமென்றால், வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி, விரைவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே நன்கு சூடாக்கிக் கொடுங்கள். செரிக்காத மாவுச்சத்தின் பெரும்பகுதி அப்போதும் இருக்கும். மருத்துவர் சொன்ன லோப்பரமைடை இந்த உணவுகளை நம்பி நிறுத்த வேண்டாம். போக்குடன் 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், இரவானாலும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.