கெட்டுப்போன மாட்டுத் தீவனம்: யாரிடம் முறையிடுவது, எங்கே பரிசோதிப்பது?

வினா (குடியாத்தம்)

அனைவருக்கும் வணக்கம். நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கார்த்திகை மழைக்குப் பின் வாங்கிய கலப்புத் தீவனத்தில் இரண்டு மூட்டைகள் கட்டிபிடித்துப் பூஞ்சண வாடை அடித்தன. அதற்குள் ஒரு வாரம் போட்டுவிட்டேன். மாடுகள் தீவனம் எடுப்பதும் குறைந்தது, பாலும் இறங்கிவிட்டது. விற்றவர் பொறுப்பேற்க மறுக்கிறார். பாலில் குறை என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். தீவனத்தில் குறை என்றால் யார் இருக்கிறார்கள்?

மறுமொழி (காட்பாடி)

ஐயா, உங்கள் கேள்வி சட்டத்தின் இடைவெளியையே தொடுகிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், ‘உணவு’ என்பதன் வரையறையிலிருந்தே கால்நடைத் தீவனத்தை விலக்கியிருக்கிறது. கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 2052 என்ற தரம் உண்டு. அதன்படி ஈரப்பதம் 11 விழுக்காட்டையும், அஃப்ளாடாக்சின் பி1 என்னும் பூஞ்சை நச்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. விற்பனைத் தீவனம் இந்தத் தரத்தோடும் முத்திரையோடும் வர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 டிசம்பரில் பணித்தது. ஆனால் அது நடைமுறைக்கு வரும் நாள் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. ஆந்திர அரசு 2020இல் தீவனத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. சித்தூரில் மாடு வளர்ப்பவருக்கு உள்ள அந்தக் காப்பு, எல்லைக்கு இப்புறம் இருக்கும் நமக்கும் வேண்டும்.

மறுமொழி (அணைக்கட்டு, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

முதலில் அந்தத் தீவனத்தை அறவே நிறுத்துங்கள். வெயிலில் உலர்த்திப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரம் போகும், நச்சு போகாது. பி1 நச்சு மாட்டின் ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது, காய்ச்சினாலும் அழிவதில்லை. பாலில் அதற்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நச்சுள்ள தீவனத்தை நாளுக்கு 5 கிலோ தின்று 10 லிட்டர் கறக்கும் பசுவை எண்ணிப் பாருங்கள்: உட்கொண்டதில் 2 விழுக்காடு பாலுக்கு வந்தாலே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது வரம்பைப் போல் இரு மடங்கு. தீவனத்தை மாற்றிய சில நாட்களில் பால் தெளிந்துவிடும்.

இந்த நச்சு உலகுக்குத் தெரியவந்ததே 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்த பிறகுதான். கடலை விளையும் நம் வடாற்காட்டில் புண்ணாக்கை முகர்ந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உள்ளது. கட்டணம் செலுத்தி மாதிரி அனுப்பலாம். நச்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருக்காது. ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் முடிவு தவறிப்போகும் என்பதால், மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ அளவு அனுப்புங்கள்.

மறுமொழி (கே.வி.குப்பம்)

ரசீதையும் மூட்டையில் தைத்த சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், ஐயா. பிழைப்புக்காக மாடு வளர்ப்பவரும் நுகர்வோரே. ஆய்வறிக்கையுடன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். இனி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதன் உரிம எண்ணையும் பாருங்கள்.

வினா எழுப்பியவர்

மிக்க நன்றி. ரசீது கையில் இருக்கிறது. பிரிக்காத மூட்டை ஒன்றும் மீதமுள்ளது. அதைச் சாட்சிகள் முன் பிரித்து மாதிரி எடுத்து, ஒரு பங்கை நாமக்கல்லுக்கு அனுப்பி, மறு பங்கை முத்திரையிட்டு வீட்டில் வைக்கிறேன். அறிக்கை வந்ததும் எண்களோடு இங்கே எழுதுகிறேன்.