முதல் தண்ணீரைப் புத்தகத்தில் பார்ப்பதா, வாய்க்காலில் பார்ப்பதா?

பெருந்துறை வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நம் ஈரோட்டுப் பக்கத்துப் பழைய பாசன வாய்க்காலான காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றிய நம் நாவலின் மூன்றாம் பாகம் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வெளியாகும் என்று பதிப்பகம் அறிவித்த நாளிலிருந்து எனக்கு வேறு எந்தப் புத்தகத்திலும் மனம் செல்லவில்லை. இரண்டாம் பாகம் அணை கட்டி முடிந்த இரவோடு நின்றுவிட்டது. கல்தச்சனின் மகள் வெட்டி முடித்த வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி, மண்ணில் உள்ளங்கையைப் பதித்து, "நாளைக்கு இந்த இடம் நனைந்திருக்கும்" என்று சொல்லும் அந்தக் கடைசிப் பக்கத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆகவே மூன்றாம் பாகம் முதல் தண்ணீரில்தான் தொடங்கும் என்று நாம் எல்லோரும் நம்பிக் காத்திருக்கிறோம்.

என் கேள்வி இதுதான். இவ்வளவு அருகில் பிறந்து வளர்ந்தும், பள்ளிபாளையம் செல்லும் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்ததைத் தவிர, அந்த வாய்க்காலை நான் நின்று பார்த்ததே கிடையாது. புத்தகம் கைக்கு வருமுன் பவானிக்குச் சென்று அணையையும் வாய்க்காலையும் பார்த்துவிட்டு வாசிக்கத் தொடங்குவது நல்லதா, அல்லது ஆசிரியர் காட்டும் வாய்க்காலை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு பிறகு செல்வது நல்லதா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொடுமுடிப் பக்கத்து வாசகி:

தம்பி, புத்தகத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள். ஆனால் அணையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அணையில் எப்போதும் தண்ணீர் இருக்கும்; அங்கே நிற்பவருக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் தோட்டம் வாய்க்காலின் கடைமடைப் பக்கம் இருக்கிறது. மேலே திறந்துவிட்ட செய்தி வந்த பிறகும் எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

முதல் தண்ணீர் தெளிந்த தண்ணீராக வரும் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒரு சரசரப்புத்தான் கேட்கும். காய்ந்த சருகு, வைக்கோல், வெளுத்துப்போன நத்தை ஓடு எல்லாவற்றையும் ஒரு பழுப்பு நுரை தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக வரும். வெடித்த மண்ணுக்குள் முன்னால் வந்த தண்ணீரெல்லாம் இறங்கிவிடுவதால் சில இடங்களில் அது நின்றே போய்விட்டதுபோல் இருக்கும். வெடிப்புகளிலிருந்து எறும்பும் பூச்சியும் கரையேறி ஓட, கொக்குகள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு தண்ணீருக்கு முன்னே நடந்து வரும். என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்த நுரை எங்கள் மடையைத் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார். தாண்டிய பிறகுதான் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைப்பார்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் இரண்டு பாகங்களிலும் ஆசிரியர் வறட்சியை எழுதிய விதத்தைப் பார்த்தால், இதையெல்லாம் அவர் கரையில் நின்று பார்த்தவர் என்றே தோன்றுகிறது. மூன்றாம் பாகத்தில் இந்தக் கொக்குகள் வருமா என்பதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்துவிட்டால் எனக்கு அதுவே போதும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஈரோடு:

அம்மா எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. இளைஞருக்கு நான் சொல்ல விரும்புவது, போகும்போது வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள் என்பதே. கொங்குப் பாண்டியன் வீரபாண்டியன் காலத்தில், வெள்ளோட்டைச் சேர்ந்த காலிங்கராயன் இந்த அணையையும் வாய்க்காலையும் கட்டினார் என்றும், 1271இல் தொடங்கிய வேலை 1283இல் முடிந்தது என்றும் சொல்லப்படுகிறது. பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பாக அணை; அங்கிருந்து காவிரிக்கு ஏறக்குறைய இணையாகவே ஓடி, கொடுமுடிக்கு அருகே ஆவுடையார்பாறையில் நொய்யலோடு சேரும்வரை சுமார் 90 கிலோமீட்டர் வாய்க்கால். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அது எங்குமே நேராகச் செல்வதில்லை என்பது தெரியும். பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் வெட்டினார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். மேட்டை விட்டு விலகி, தண்ணீர் தானாக இறங்கிச் செல்லும் சரிவைத் தேடிச் சென்றதால்தான் இத்தனை வளைவுகள் என்பது என் எண்ணம். எந்திரம் எதுவும் இல்லாத காலத்தில் அந்தச் சரிவைக் கண்டுபிடித்தவர்களின் கண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

மூன்றாம் பாகத்தில் நான் காத்திருப்பது வேறொன்றுக்காக. உறவினர் வீட்டுக்குச் சென்ற காலிங்கராயனுக்குச் சமைக்கப் பழைய அரிசியா, புது அரிசியா என்று சமையற்காரர் கேட்டபோது, கம்பு தின்கிறவர்களுக்கு அந்த வேறுபாடு எங்கே தெரியப்போகிறது என்று வந்த பதிலைக் கேட்டு, நெல் விளைவித்துக் காட்டுவேன் என்று அவர் சபதம் செய்ததாக நம் பக்கம் சொல்லும் கதையை முதல் பாகத்திலேயே ஆசிரியர் மிக அழகாக எழுதிவிட்டார். வாய்க்கால் முடிந்த பின், தம் சொந்த நலனுக்காக வெட்டினார் என்ற பேச்சு வரக்கூடாது என்று அவர் குடும்பத்தோடு இந்த மண்ணை விட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊற்றுக்குழிக்குச் சென்றுவிட்டதாகவும் சொல்வார்கள். நெல்லுக்காகச் சபதம் செய்தவர் அந்த நெல்லின் முதல் அறுவடையைப் பார்த்துவிட்டுப் போனாரா, பார்க்காமலே போனாரா? அந்த ஓர் அத்தியாயத்தை ஆசிரியர் எப்படி முடிக்கிறார் என்பதில்தான் மூன்று பாகங்களும் நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கோவை வாசகி:

நான் மாறுபடுகிறேன், ஐயா. எனக்கு அந்த வாய்க்கால் முழுக்க முழுக்க எழுத்தில் பிறந்தது. கல்தச்சனின் மகள் இறங்கிய இடத்தில் இன்று சிமென்ட் சுவரும் சாயக்கழிவும் இருந்தால், மூன்றாம் பாகத்தை வாசிக்கும்போது அதுதான் என் கண்முன் வரும். முதல் வாசிப்பு ஒருமுறைதான் கிடைக்கும். வாய்க்கால் எழுநூறு ஆண்டுகளாக இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் எனக்காகக் காத்திருக்கும்.

அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்தவர், ஈரோடு:

வெளியீட்டு நாள் தள்ளிப்போகுமோ என்று வேறோர் இழையில் பலர் வருந்தியிருந்ததால் இதை எழுதுகிறேன். 960 பக்கம் என்று அறிவித்திருக்கிறார்கள். 16 பக்கத்துக்கு ஒரு பாரம் என்றால் 60 பாரம். ஒவ்வொன்றையும் மடித்து, வரிசை மாறாமல் அடுக்கி, நூலால் தைத்து, முதுகில் பசையிட்டு, கெட்டி அட்டை போட்டு, கனமான எடையின் கீழ் வைத்துக் காயவிட வேண்டும். மழை ஈரம் இருந்தால் இன்னும் ஒரு நாள் கூடும். அவசரப்பட்டு எடுத்த பிரதி, பத்துப் பேர் கைமாறுவதற்குள் முதுகு விட்டுவிடும். இரண்டாம் பாகத்தின் என் பிரதிக்கு அப்படித்தான் ஆனது. நானே பிரித்து மறுபடி தைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் மூன்று தலைமுறை வாசிக்கப்போகும் புத்தகம் என்பதால், ஒரு வாரம் பிந்தினாலும் நன்றாகக் காய்ந்த பிரதி வரட்டும்.

பெருந்துறை வாசகர்:

எல்லோருக்கும் நன்றி. கோவை அக்கா சொன்னதைப் படித்தபோது போகவே வேண்டாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் அந்தக் கொக்குகளைப் பற்றிப் படித்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் அமுச்சியையும் (அம்மாவின் அம்மா) அழைத்துக்கொண்டு முதலில் பவானி கூடுதுறைக்கும் அணைக்கும், பிறகு கரையோரமாகவே கொடுமுடிவரைக்கும் செல்கிறேன். அமுச்சிக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால் முதல் இரண்டு பாகங்களையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைக் கரையில் உட்கார்ந்து மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத் திருவிழாவின் முதல் நாள் மாலையில் பதிப்பகத்தின் அரங்கு முன்னால் இருப்பேன். ஐயா வருவதாக இருந்தால் தெரிவியுங்கள். உங்களுக்கும் ஒரு பிரதி சேர்த்து வாங்கி வைக்கிறேன்.