மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சங்கம்: விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மதுரை மருத்துவமனைகளில் இந்தி, மலையாளம் பேசும் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறோம். ஏஜென்சி கூப்பிட்டால் போவோம், பேசிய நேரத்துக்குத்தான் காசு. எட்டு மணிக்கு வரச்சொல்லி டாக்டர் பதினொன்றுக்கு வந்தால், ஓ.பி. பெஞ்சில் காத்திருந்த நேரம் கணக்கிலேயே வராது. ஒருவரிடம் புற்றுநோய் என்று அவர் மொழியில் எடுத்துச் சொல்வது லேசுப்பட்ட வேலையா?

சங்கம் என்றதும் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று இளையவர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் தனித்தனியாகக் கேட்டு இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே! அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு 2010-இல் சட்டம் போட்டே கூட்டுப் பேர உரிமை, அதாவது எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் கூலி பேசும் உரிமை, கொடுத்தார்கள். அவர்களும் எங்களைப்போல மாதச் சம்பளம் இல்லாதவர்கள்தான்.

இங்கே பதிவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 7 உறுப்பினர் வேண்டும், அதற்கு ஆள் இருக்கிறது. அப்புறம் என்ன செய்வது என்றுதான் புரியவில்லை. ஏஜென்சி எங்களைத் தொழிலாளர் இல்லை என்று சொன்னால் என்ன பதில் சொல்வது? ஆட்டோ, சுமைப்பணிச் சங்கங்களைப் பதிவு செய்த அனுபவம் உள்ளவர்களும், தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல்களும் தயவுசெய்து சொல்லுங்கள். சங்க விதிகளின் மாதிரி ஒன்று கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.